காம்பில் எழுதிய எண்

என் வேலையின் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்காது. கல்யாண வீட்டில், கோயில் வாசலில், திகாம் பத்து என்ற ஊரின் சந்தையில் மீன் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது என்று எங்கே பார்த்தாலும் யாராவது ஓர் அத்தை பிடித்துக்கொள்வார்.

"இப்ப என்னம்மா வேலை செய்யற?"

"மெஷின் லேர்னிங் எஞ்சினியர், அத்தை."

"மெஷினா? கூலிம் பேக்டரியா? ஷிப்ட் உண்டா?"

"இல்ல அத்தை. கம்ப்யூட்டர் வேலை."

"அப்படிச் சொல்லு. எங்க வீட்டு பிரிண்டர் ரொம்ப நாளா ஓடல. வந்து பாத்துட்டுப் போயேன் லா."

போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் வயர் கழன்றிருக்கும். மாட்டிவிட்டு, ஒரு கோப்பை மைலோ குடித்துவிட்டு வருவேன். அத்தை ஊரெல்லாம் என் படிப்பைப் புகழ்வார். ஆனால் எஞ்சினியர் என்று நான் சொல்லிக்கொண்டதிலும் கொஞ்சம் பொய் இருந்தது. நான் புரோபேஷனில் இருந்தேன். பிடித்தால் வைத்துக்கொள்வோம், பிடிக்காவிட்டால் போய்விடு என்பதற்கு வைத்த கௌரவமான பெயர் அது. அந்த வேலை எனக்கு நிலைக்குமா நிலைக்காதா என்பது கடைசியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக் குலை ஒன்றின் காம்பில் போய் மாட்டிக்கொண்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். சொல்லும்போதே கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் இன்று நேற்று வந்ததில்லை. புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். தமிழ்ப்பள்ளியில் கணக்கு என்றால் நான்தான். மலாய்க் கட்டுரையில் வழுக்கிவிட்டேன். அதனால் இடைநிலைப்பள்ளியில் நேராக முதல் படிவத்துக்குப் போகாமல் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார வேண்டியதாயிற்று. அந்த வகுப்பில் இருப்பவர்களுக்கு எதுவும் ஏறாது என்று முதல் நாளே முடிவுகட்டியிருந்தார்கள். கணக்குக்கு வந்த ஆசிரியர் பலகையில் கூட்டல் போட்டார். எனக்குப் பின்னமே வரும் சார் என்றேன். இந்த வகுப்புக்கு இது போதும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கூட்டல் போட்டார். வகுப்பின் பெயரைப் பார்த்தவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது அழுகை வந்தது. இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஐந்தாம் படிவம் முடித்து பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு மனு போட்டேன், கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தேன், பதிலே வரவில்லை. சுங்கைப்பட்டாணியில் ஆறாம் படிவம் படித்தேன். நல்ல தேர்ச்சிதான். பல்கலைக்கழகத்துக்குக் கேட்ட பாடம் கணினியியல். கொடுத்த பாடம் புள்ளியியல். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அம்மா கேட்டார்: "அதுல என்ன பண்ணுவாங்க?"

"எண்ணுவாங்கம்மா. எண்ணிப் பாத்து, என்ன நடக்கும்னு சொல்லுவாங்க."

"எண்ணறதுக்கா யூனிவர்சிட்டி? உங்கப்பா குலைய எண்ணாத நாளே இல்லயே."

கேட்டது கிடைக்கவில்லையே என்ற ஆத்திரத்தோடுதான் நான் போனேன். பிற்பாடு இயந்திரக் கற்றலுக்கு அந்தப் புள்ளியியல்தான் அடித்தளம் என்று தெரிந்தபோதும் ஆத்திரம் தீரவில்லை. நல்லதே நடந்தாலும் அது நம்மைக் கேட்காமல் நடந்தால் எனக்குப் பிடிக்காது.

பட்டம் வாங்கி வந்ததும் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. டேட்டா பிரிவு என்றார்கள். ஒரு திரையில் இருக்கும் எண்களைப் பார்த்து இன்னொரு திரையில் எழுத வேண்டும், அதுதான் டேட்டா. காலையில் முச்சந்தியில் கம்பெனி பஸ் ஏறுவேன். எல்லாரும் வாய் பிளந்து தூங்குவார்கள். நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் இலவசப் பாடங்கள் கேட்பேன். நரம்பு வலைகள் என்று ஒரு வாத்தியார் எங்கேயோ இருந்துகொண்டு சொல்லிக்கொடுப்பார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது இணைப்பு அறுந்துவிடும். திரும்பி வரும்போது அதே பாடத்தை அதே பள்ளத்தில் விட்ட இடத்திலிருந்து கேட்பேன். பழைய மடிக்கணினி ஒன்று வாங்கி, நிரல் எழுதப் பழகினேன். அது சூடேறினால் அணைந்துவிடும். மேசைவிசிறியை அதற்கு வைத்துவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு அதில் ரொம்பக் கவலை, கணினிக்குச் சளி பிடிக்கும் என்று கேலி செய்வார்.

பிறகு நேர்காணல்கள் தொடங்கின. அதைப் பற்றி எழுதினாலே தனிப் புத்தகம் ஆகிவிடும். விளம்பரத்தில் புதியவர்களை வரவேற்கிறோம் என்று இருக்கும். உள்ளே போனால் மூன்று வருட அனுபவம் எங்கே என்பார்கள். அனுபவம் வேண்டுமானால் வேலை வேண்டும், வேலை வேண்டுமானால் அனுபவம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். பினாங்கில் ஓர் இடத்தில் நான் செய்த வேலைகளைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நேர்காணல் எடுத்த அம்மாள் திரையின் பக்கம் திரும்பவே இல்லை. மாண்டரின் பேசத் தெரியுமா, சொந்தக் கார் உண்டா, கல்யாணம் எப்போது என்று கேட்டு முடித்து, தெரிவிக்கிறோம் என்றார். இன்றுவரை தெரிவிக்கவில்லை.

கடைசியில் சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்ன நிறுவனம் ஒன்று என்னை எடுத்துக்கொண்டது. கீழே டயர் கடை, மேலே நாங்கள். முதலாளி தமிழர், பினாங்கில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாகத் தொடங்கியவர். எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் அவசரம். செம்பனைக் குலை பழுத்ததா பச்சையா என்று பார்த்தவுடன் சொல்லும் கேமரா ஒன்றைத் தோட்டங்களுக்கு விற்க வேண்டும் என்பது அவர் கனவு. முதல் வாடிக்கையாளரை அவரே பிடித்து வந்தார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார். என் அப்பா வேலை பார்த்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த தோட்டம்.

"உனக்குத் தெரிஞ்ச இடந்தான? அப்ப ஈசி லா," என்றார். "மெஷின் ஒழுங்கா ஓடி, மேனேஜர் சைன் போட்டாருன்னா, அன்னைக்கே உன்ன கன்ஃபர்ம் பண்ணிடறேன்."

செய்முறை பெரிய மாயமில்லை. பழுத்த குலைகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து, இதெல்லாம் பழம் என்று சொல்ல வேண்டும். பச்சைக் குலைகளின் படங்கள் கொடுத்து, இதெல்லாம் பச்சை என்று சொல்ல வேண்டும். வித்தியாசத்தை மெஷின் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். என்ன வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது என்று அது நம்மிடம் சொல்லாது. அங்கேதான் வினை.

அத்தனை படங்களுக்கு எங்கே போவது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து அலுவலகத்திற்குப் போனால் கிராணி சிரிக்கிறார். கிராணி என்றால் கணக்குப் பார்க்கிறவர். குலை சேர்க்கும் மேடையில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்து மாசாக், மூடா என்று தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்தான். மாசாக் என்றால் பழம், மூடா என்றால் பச்சை. பச்சை வெட்டியவனுக்குக் கூலியில் பிடிப்பார்கள். எண்ணெய் ஆலையில் இருந்து தகராறு வரக்கூடாது என்று அவர் சில வருடங்களாகவே ஒவ்வொரு குலையையும் கைப்பேசியில் படம் எடுத்து, பழம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரித்துச் சேமித்து வைத்திருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"எல்லாம் எடுத்துக்கம்மா," என்றார். "நம்ம தோட்டத்துப் புள்ள. உங்கப்பாதான் சண்டைக்காரரு, நீ நல்ல புள்ள."

அதற்கு நான் சிரித்தேன். அப்பாவுக்கும் அவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்தது. அப்பாவின் குலைகளில் பாதியைப் பச்சை என்று தள்ளிவிடுவார். மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் பிடித்தத்தைப் பற்றிய சண்டை நடக்கும். "அவன் பழத்தப் பாக்கறதில்ல, நம்பரப் பாக்கறான்," என்பார் அப்பா. ஒருமுறை மேடையில் எல்லார் முன்னாலும் குலையைப் புரட்டிப் போட்டு, கண்ணைத் திறந்து பாருய்யா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்துதான் தன் நம்பருக்கு இந்தக் கதி என்பது அவர் கட்சி. அம்மா நம்பமாட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார். நானும் அம்மா கட்சிதான். அப்பாவுக்குப் பேச்சு அதிகம், அதனால் அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

நம்பர் என்றது குலை வெட்டுகிறவரின் எண்ணை. வெட்டிய காம்பின் முகத்தில் மெழுகுப் பென்சிலால் அவரவர் எண்ணை எழுதி மேடையில் வைப்பார்கள். அப்பாவின் எண் நாற்பத்து மூன்று. எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் போத்தலில், தலைக்கவசத்தில், மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் எல்லாம் நாற்பத்து மூன்று எழுதியிருக்கும். பள்ளிக்கு நான் கொண்டுபோன குடையிலும் இருந்தது.

கிராணி கொடுத்த படங்களில் ஒவ்வொரு காம்பிலும் எண் இருந்தது. வெளியூர்க்காரி யாராவது அந்தப் படங்களைத் திறந்திருந்தால் முதல் கேள்வியே, இது என்ன எழுத்து, இதை மறைக்க வேண்டாமா என்பதாக இருந்திருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற காம்பு. எண் இல்லாத காம்பைத்தான் நான் பார்த்ததில்லை. பச்சை என்ற கோப்பில் நாற்பத்து மூன்று திரும்பத் திரும்ப வந்தது. அதற்கும் நான் ஆச்சரியப்படவில்லை. அப்பாவுக்குப் பிடித்தம் விழுவது எனக்கு என்ன புதுச் செய்தியா? பாவம் அப்பா என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

மெஷின் அருமையாகக் கற்றுக்கொண்டது. ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டிச் சோதித்தால் கிராணியின் தீர்ப்பும் மெஷினின் தீர்ப்பும் அநேகமாக ஒன்றாகவே இருந்தன. பாஸ் கீழே இறங்கிப் போய் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கி வந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் தட்டிய கதவு இதோ திறக்கிறது என்று நினைத்தேன். அந்த வாரம் அத்தைமாரிடம் எஞ்சினியர் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன்.

மேடைக்கு மேலே கேமராவைப் பொருத்தினோம். தோட்டத்து மேனேஜர் கண்டிப்பானவர். சோதனை என்றால் உண்மையான சோதனையாக இருக்க வேண்டும், இந்த மாதம் மெஷின் சொல்வதை வைத்தே பிடித்தம் என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் வந்து பார்த்து, திருப்தி என்றால் கையெழுத்து. நான் தினமும் மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

வெட்டுகிறவர்களில் ஒருவன் புதியவன். லொம்போக் தீவிலிருந்து வந்தவன், சாது. வந்து சில நாள் ஆனதும் தன் குலைகளைச் சுட்டிக்காட்டி, "காக், இனி மாசாக்," என்றான். அக்கா, இது பழம்தானே என்கிறான். திரையைப் பார்த்தேன், பச்சை என்று இருந்தது. மெஷின் பார்த்துச் சொல்கிறது, நீ கவனமாக வெட்டு என்று மலாயில் சொல்லி அனுப்பினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாள் அவன் வாயைத் திறக்கவில்லை. குலையை மேடையில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். கூட்டல் போட்ட வாத்தியாரை நான் பார்த்த பார்வை அது.

எழுந்து போய் அவன் குலையைக் குனிந்து பார்த்தேன். பழுத்த குலையில் பழங்கள் தானாக உதிர்ந்து, உதிர்ந்த இடம் குழியாக இருக்கும். இது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குலையில் குழி நிறைய இருந்தது. செக்கச் சிவந்த பழம். அப்புறம்தான் காம்பைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று.

அப்பா ஓய்வு பெற்றதும் அவர் எண்ணை இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்தில் அதுதான் வழக்கம். ஆள் போனாலும் எண் போகாது.

ஓர் இலையைக் கிள்ளிக் காம்பின் மேல் வைத்து எண்ணை மறைத்தேன். கேமராவுக்குக் கீழே தள்ளினேன். பழம் என்றது. இலையை எடுத்தேன். பச்சை என்றது. வைத்தேன், எடுத்தேன். அப்படியே பக்கத்தில் இருந்த இன்னொருவரின் நல்ல குலையின் காம்பைத் துடைத்துவிட்டு நாற்பத்து மூன்று என்று எழுதிப் பார்த்தேன். பச்சை. இத்தனை படிப்பும், இத்தனை பஸ் பயணமும், சூடேறிய கணினியும் சேர்ந்து நான் செய்த மெஷின் பழத்தைப் பார்க்கவே கற்றுக்கொள்ளவில்லை. எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தது.

அன்று இரவு வீட்டில் பழைய படங்களைத் திறந்து, நாற்பத்து மூன்று உள்ளதை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை என்று கிராணி ஒதுக்கியவற்றில் சில உண்மையிலேயே பச்சைதான். பெரும்பாலானவற்றில் குழி இருந்தது, சிவப்பு இருந்தது. சில படங்களில் உதிர்ந்த பழங்கள் பக்கத்திலேயே கிடந்தன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவர் சட்டியில் போட்டதைத்தான் என் மெஷின் அள்ளிக் கொடுத்திருக்கிறது. கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நான்கு படங்கள்தான் பார்த்தார்.

"இதத்தான சொல்லிச் சொல்லி மாரடிச்சேன்," என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப நீயும் உங்கம்மாவும் என்ன சொன்னீங்க?"

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

"இப்ப காட்டி என்ன பண்ண? பிடிச்சது பிடிச்சதுதான். அந்தப் புதுப் பையன் என்ன பண்ணுனான் பாவம். மொதல்ல அவனுக்குப் பாரு." கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பாஸிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறியது, ஆனால் வாய் வேறு சொன்னது.

"ஒரே ஒரு நம்பர் தான? மொதல்ல சைன் போடட்டும் லா. அப்பறம் நைசா அப்டேட் பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தப் பையனுக்குப் பிடிப்பாங்களே பாஸ்."

"பழைய கிராணி முறையிலயும் பிடிச்சிருப்பாங்கதான? நம்மால புதுசா ஒண்ணும் கெட்டுப் போகலயே."

அந்த வாதத்தில் தப்பு எங்கே என்று எனக்கு உடனே சொல்ல வரவில்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. மனிதன் செய்தால் சண்டை போடலாம், மேடையில் குலையைப் புரட்டிப் போடலாம், கண்ணைத் திறந்து பாருய்யா என்று கேட்கலாம். மெஷினிடம் யார் கேட்பது? அந்தப் பையன் என்னிடம் கேட்டான், நான் மெஷின் பார்த்துச் சொல்கிறது என்று சொல்லி அனுப்பினேன். இதெல்லாம் வீட்டுக்குப் போகும் வழியில், மோட்டாரில், தலைக்கவசத்துக்குள் தோன்றியது. என் புத்திக்கு எப்போதும் அப்படித்தான், ஆள் போன பிறகுதான் பதில் வரும்.

மாதக் கடைசியில் மேனேஜர் வந்தார். பாஸ் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கிராணியும் நின்றார். குலைகள் ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கீழே போயின. மெஷின் சொன்னதும் கிராணி தலையாட்டினார். எல்லாம் ஒத்துப்போயிற்று. மேனேஜர் பாஸின் கையைக் குலுக்கக் கையை நீட்டியபோது, ஒரே ஒரு நிமிஷம் சார் என்றேன்.

பழம் என்று மெஷின் சொன்ன குலை ஒன்றை எடுத்து, காம்பில் இருந்த எண்ணைத் துடைத்தேன். நாற்பத்து மூன்று என்று எழுதி மறுபடியும் வைத்தேன். பச்சை. அதைத் துடைத்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன். பழம். பாஸ் என்னைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் கோளாறு சார்," என்றார் கிராணி.

"கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல அங்கிள்," என்றேன். "நீங்க பிரிச்சுக் குடுத்த படத்த வச்சுத்தான் அது படிச்சிச்சு. நாப்பத்து மூணு எங்கப்பா நம்பரு. பழமா இருந்தாலும் பச்சைன்னு தள்ளியிருக்கீங்க. எல்லாப் படமும் எங்கிட்ட இருக்கு."

அப்பா குலையைப் புரட்டிப் போட்ட நாள் போல ஒரு சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மெஷினைக் கழற்றச் சொன்னார். அந்த மாதம் புதியவனுக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், அது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது. சரிசெய்து கொண்டுவந்தால் பிறகு பார்ப்போம் என்றார். அப்பாவுக்கு இத்தனை வருடம் பிடித்ததைப் பற்றி நான் கேட்டேன். அது பழைய கதை என்று காரில் ஏறிவிட்டார்.

திரும்பும் வழியில் பாஸ் திகாம் பத்துச் சந்தையோரம் வண்டியை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "உன் கன்ஃபர்மேஷன் லெட்டர டைப் பண்ணி பேக்ல வச்சிருந்தேன். இப்ப எப்படிம்மா குடுக்கறது? புரோபேஷன நீட்டிக்கறேன். நீயே சரி பண்ணு." துரத்தவில்லை. துரத்தினால் அந்த மெஷினைத் திருத்த வேறு ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சரிசெய்வது என்றால் இரண்டு வேலை. ஒவ்வொரு படத்திலும் காம்பின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டி எண்ணை மறைப்பது ஒன்று. அதை நான் நிரல் எழுதி முடித்துவிட்டேன். எல்லாப் படங்களையும் மறுபடியும் பார்த்துப் பழம், பச்சை என்று புதிதாகப் பிரிப்பது மற்றது. அதை யார் செய்வது என்று கேட்டேன். அப்பாவைக் கேட்கலாமா என்றேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை, தோட்டத்தின் அதிகாரபூர்வமான ஆள் கிராணி ஒருவர்தானே இருக்கிறார் என்று பதில் வந்தது. பாஸும் சரி என்றுவிட்டார். ஆக, யாரால் கெட்டதோ அவரையே கூப்பிட்டு உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலை இல்லை. ஒத்துக்கொண்டேன்.

தோட்டத்து அலுவலகத்தில் மடிக்கணினியைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தேன். பழைய சண்டை எதுவும் முகத்தில் இல்லாமல், தேநீர் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் படம் வந்தது. அவர் பார்த்தார். திரையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். கறுப்புப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நம்பரக் காணோமேம்மா."

"மறைச்சிருக்கேன் அங்கிள்."

"அப்ப யாரு வெட்டுனதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்."

"யாரு வெட்டுனதுன்னு தெரியாம," என்று நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார், "பழமா பச்சையான்னு எப்படிம்மா சொல்றது?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. பகை என்று நினைத்து இத்தனை நாள் நான் மனத்துக்குள் போட்ட சண்டையெல்லாம் வீண். பகைகூட இல்லை, அவருக்கு அது ஒரு பழக்கம். என் அப்பாவின் வருடங்கள் அந்தப் பழக்கத்தில் போயிருக்கின்றன.

"பழத்தப் பாருங்க அங்கிள்," என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து தேடி ஒரு கண்ணாடியை எடுத்தார். தூசியாக இருந்தது. சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். குலை சேர்க்கும் மேடையில் அவரைக் கண்ணாடியோடு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. திரைக்குக் கிட்டே குனிந்து, உதடுகளை அசைத்துக்கொண்டு, உதிர்ந்த குழிகளை எண்ணுவது போல வெகுநேரம் பார்த்தார்.

"இது மாசாக் தாம்மா," என்றார். "நல்ல பழம். யாரு வெட்டுனது?"

நான் பழம் என்று அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். பட்டைக்கு அடியில் இருந்த எண் எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா வழக்கம்போல, என்னம்மா கன்ஃபர்ம் ஆயிடுச்சா என்று கேட்டார். இன்னும் இல்லப்பா என்றேன். கிராணி நாற்பத்து மூன்றை நல்ல பழம் என்றதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.